ஏழாம் வாய்க்கால் என்கிற பெயர்

சோளகக் காற்றுத் தொடங்கினால் மா வறுக்கிற கொட்டிலுக்குத் தெற்குப் பக்கமாகத் தார்ப்பாய்ப் படங்கு கட்டியாக வேண்டும். கட்டாமல் விட்டால் வறுத்த மாவில் பாதியைக் காற்று வாய்க்காலில் கொட்டிவிடும், மிச்சத்தில் றோட்டுப் புழுதியைக் கலந்துவிடும். காற்றுக்கு என்ன, அதுவா வாங்கிற சனத்துக்குப் பதில் சொல்லப்போகிறது? வீரம்மா விடியவே படங்கை இழுத்துக் கட்டி, பாலை விறகை மூட்டி, பெரிய இரும்புத் தாச்சியில் அரிசிமாவின் முதல் ஈட்டைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தாள். மா வறுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. கையை எடுத்தால் அடி பிடிக்கும். அவசரப்பட்டால் பச்சை மணம் போகாது. முதலில் ஈரமாக்கட்டி அகப்பையோடு புரளும். பிறகு உடைந்து உதிரும். கடைசியில் மணல் மாதிரித் தானாக ஓடும். அந்த ஓட்டத்தைக் கண்டவுடன் இறக்கவேண்டும்.

பக்கத்தில் அவர்களுடைய மில்லுக்குள் அப்பனும் மகனும் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, அதனால் ஒவ்வொரு சொல்லும் கொட்டிலுக்குக் கேட்டது.

"நீ வடிவா விளங்கப்படுத்து. கடை எண்டா என்ன கடை?" இது முத்துலிங்கம், அவளுடைய மனுசன்.

"கடை எண்டா கடையில்லை அப்பா. இன்ரநெற் முகவரி. இவ்வளவு நாளும் இங்கிலீசில டொட் கொம் எண்டு முடிஞ்சதெல்லோ, இப்ப தமிழில புள்ளி கடை எண்டு முடியிற மாதிரிப் புதுசா விடப்போறாங்கள். ஏழாம்வாய்க்கால் புள்ளி கடை எண்டு அடிச்சா எங்கட மா மட்டும் வரும்."

"ஆரும் எடுக்கலாமோ?"

"பேந்து ஆரும் எடுக்கலாம், முந்தினவனுக்குத்தான். ஆனா அதுக்கு முதல் கொஞ்சக் காலம் விட்டிருக்கிறாங்கள். ஒரு பேரை ஏற்கெனவே முறையாப் பதிஞ்சு வச்சிருக்கிற ஆக்கள் மட்டும் தங்கட பேரை முன்கூட்டிக் கேக்கலாம். எங்களிட்ட வியாபாரக்குறி இருக்கு. அதை வச்சு நாங்கள் கேட்டா வேற ஒருத்தருக்கும் குடுக்கமாட்டாங்கள். அந்தக் காலம் இந்த வெள்ளியோட முடியுது."

விஜிதரன் கிளிநொச்சியில் டிப்போச் சந்திக்குக் கிட்ட ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறான். போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம், வெளிநாட்டுப் படிவம் நிரப்புதல் என்று எல்லாம் அங்கே நடக்கும். அதனால் இந்த மாதிரிச் சங்கதிகள் அவன் காதில் முதலில் விழும். கலியாணம் கட்டி இரண்டு வருசமாகிறது. மனுசி சுகந்தினி ரவுணில் ரீச்சர். கிழமைக்கு இரண்டு தரம் காலமை வந்து தாய்தகப்பனைப் பார்த்துவிட்டுப் போவான்.

மாப் பக்கெற்றில் இருக்கிற இந்தப் பெயர் இப்போது ஏன் இவ்வளவு அவசரமானது என்று வீரம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். கொழும்பில் எவனோ ஒருத்தன் 'ஏழாம் வாய்க்கால் ஸ்பெஷல்' என்று பக்கெற் அடித்து வெளிநாட்டுக் கடைகளுக்கு மா அனுப்பத் தொடங்கியிருந்தான். நிறமும் அதே சிவப்பு, எழுத்தும் கிட்டத்தட்ட அதே எழுத்து. போன மாசம் கனடாவிலிருந்து ஒரு பொம்பிளை விஜிதரனின் போனுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "தம்பி, உங்கட மா முந்தின மாதிரி இல்லை. புட்டு அவிச்சா சாம்பல் மாதிரிக் கிடக்கு. வறுக்கிற ஆளை மாத்திப்போட்டியளோ?" அதைக் கேட்ட அன்று வீரம்மா பகல் சோறு தின்னவில்லை. வறுக்கிற ஆள் அவள்தான். தொடங்கின நாளிலிருந்து அவள் ஒருத்திதான். எவனோ புழுங்கல் தவிட்டை அரைத்து விற்க, பழி அவள் கைக்கு வந்து நின்றது. இனி அந்த முகவரியும் அவனிடம் போனால் பிறகு ஆரிடம் போய், 'இது என்ர மா இல்லை' என்று சொல்லுவது?

"அப்ப உடன கேக்க வேண்டியதுதானே, என்னத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?" என்றார் முத்துலிங்கம்.

"வீரகத்தி மாமாவின்ர கையெழுத்து வேணும் அப்பா. குறி உங்கட ரெண்டு பேரின்ர பேரிலயும் எல்லோ இருக்கு."

முத்துலிங்கத்தின் குரல் இறங்கியது.

"கேட்டனியோ?"

"வட்ஸ்அப்பில படிவத்தை அனுப்பினனான். பாத்திருக்கிறார், நீலம் விழுந்திருக்கு. பதில் இல்லை."

முத்துலிங்கம் வன்னியில் வளர்ந்த ஆள்தான். ஆனால் கோபம் வந்தால் அவர் வாயில் தாய்தகப்பனின் மலையக மாத்தளைத் தோட்டத்துப் பேச்சு எட்டிப் பார்க்கும். இப்போதும் எட்டிப் பார்த்தது. "ஏன்டா, ஒனக்குப் புத்தி இருக்கா? கலியாணக்காட்டையும் போன்ல அனுப்புன, இப்ப இதையும் போன்லயே அனுப்பியிருக்கியா?"

மகன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

இந்தப் பக்கங்களில் நல்ல காரியம் என்றால் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். புருசனும் பெண்சாதியுமாக, குங்குமமும் வெற்றிலையும் தட்டத்தில் வைத்துக் கொண்டுபோய், முற்றத்தில் செருப்பைக் கழற்றி, இருந்து, நாளையும் நேரத்தையும் வாயால் சொல்லவேண்டும். அழைப்புக் காட்டு என்ன காட்டு, அது பேந்து கிடைத்தாலும் சரி. செத்தவீட்டுக்குத்தான் ஆரும் சொல்லத் தேவையில்லை. விஜிதரனின் கலியாணக்காட்டு வீரகத்தியரின் போனுக்குப் படமாகப் போனது. வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருக்கிற மனுசன், கூப்பிட்டால் கேட்கிற தூரம், சேர்ந்து தொழில் தொடங்கின பங்காளி, கலியாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவருடைய வயல் நெல்லு மில்லுக்கு வந்தது, வீரகத்தியர் வரவில்லை. உழவு மெசின் ஓட்டுகிறவன் மூட்டையை இறக்கிவிட்டுப் போவான். இரண்டு வருசமாக மொட்டைக்கறுப்பன் நெல்லுத்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கதைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு மனுசன்ட மரியாதைய..." என்று முத்துலிங்கம் மறுபடி தொடங்கினார்.

வீரம்மாவின் கை தாச்சியில் இருந்தது. விட்டுவிட்டுப் போக முடியாது. மா மெல்ல உதிரத் தொடங்கி, நிறம் மாறி, ஓடியது. இரண்டு பக்கமும் துணி பிடித்து இறக்கிப் பாயில் கொட்டினாள். முகத்தில் ஒட்டியிருந்த மாவைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மில் வாசலில் போய் நின்றாள்.

"அவனை ஏசாதேங்கோ. காட்டைப் போனில அனுப்பச் சொன்னது நான்."

முத்துலிங்கம் திரும்பிப் பார்த்தார். "நீயே போய்ச் சொல்லியாச்சு எண்டெல்லோ அப்ப என்னட்டச் சொன்னனி?"

"ஓம். பொய் சொன்னனான்."

"இவனெல்லோ தான்தான் பிழை விட்டனான் எண்டு சொன்னவன்?"

"அவன் எனக்காக ஏச்சு வாங்கிக்கொண்டு திரியிறான். ரெண்டு வருசமா. எனக்கு மனசுக்கு ஏலாமல் கிடக்கு."

விஜிதரன் மெசின் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முத்துலிங்கம் நெல்லு மூட்டை ஒன்றில் இருந்தார். சத்தம் போடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போடவில்லை, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"வீரகத்தி அண்ணையின்ர மனுசி தங்கம்மா அக்கா எங்கட வீட்டில ஒருநாள் தண்ணி குடிச்சிருக்கிறாவோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"மில்லுக்குப் பால் காய்ச்சின அண்டைக்கு வந்தவா. தேத்தண்ணி குடுத்தன், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் எண்டா. பொங்கலுக்கு வந்தவா, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான். இவன் ஓஎல் சோதினை பாஸ் பண்ணினதுக்கு வந்தவா, அப்பவும் இப்பதான் குடிச்சிட்டு வந்தனான். வாழைப்பழம் எண்டா எடுப்பா, தோல் கிடக்கெல்லோ. சோடா எண்டா குடிப்பா, மூடி திறக்காத போத்தலா இருக்கவேணும். நான் என்ன குருடியோ? என்ர கையால வறுத்த மாவில மூண்டு நேரமும் புட்டு அவிச்சுத் தின்னுறா. என்ர கையால ஒரு வாய் தண்ணி இறங்காது. அவாவிட்டப் போய்க் குங்குமத்தை நீட்டி, வாங்கோ, என்ர பிள்ளையின்ர பந்தியில இருந்து சாப்பிடுங்கோ எண்டு எப்பிடிக் கேக்கிறது? சாப்பிடாம எழும்பிப் போனா அந்தச் சபையில ஆற்ற முகம் கறுக்கும்?"

"வீரகத்தி அண்ணை எங்கட வீட்டில சாப்பிடுறவர்தானே."

"அண்ணையைப் பற்றி ஆர் கதைச்சது? அவர் சட்டியையே வழிச்சுத் தின்னுவார். நான் அக்காவைச் சொல்லுறன். உங்களுக்கு இது தெரியாதோ?"

முத்துலிங்கம் நெல்லு மூட்டையின் தையலை விரலால் நிமிண்டினார். "தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்தனீங்கள்?"

"அவா வாற நாளில சோடா வாங்கி வச்சனான்."

அதைக் கேட்டு விஜிதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீரம்மாவுக்கும் வந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. இந்த மனுசனுக்கு ஆரோடும் பகையில்லை, எல்லாரோடும் சமாளிப்புத்தான். கடைக்குப் போய்ச் சோடா வாங்கி, மூடி திறக்காமல் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். அவளுக்கு அவர்மீது ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சரி, இப்ப என்ன செய்யிறது?" என்று அவரே கேட்டார்.

"போய்ச் சொல்லுவம்."

"எதைச் சொல்லுறது? கலியாணம் முடிஞ்சு ரெண்டு வருசம்."

"வெள்ளிக்கிழமை பேர் பதியிறதைச் சொல்லுவம். அதுவும் நல்ல காரியம்தானே."

"தட்டத்தோடயோ?" என்றான் விஜிதரன்.

"தட்டத்தோடதான். நீ அந்தப் போனைத் தொடாத."

*

அக்கரைக்குப் பாலத்தால் சுற்றித்தான் போகவேண்டும்; பின்னேரம் வெயில் தணிய முத்துலிங்கமும் வீரம்மாவும் மோட்டார்சைக்கிளில் வெளிக்கிட்டார்கள். வீரம்மா நல்ல சீலை உடுத்திருந்தாள். மடியில் தட்டம், தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ், ஒரு சீப்பு வாழைப்பழம். சிறுபோக நெல்லுக்குக் குளத்தைத் திறந்துவிட்டிருந்தபடியால் வாய்க்காலில் தண்ணீர் கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தடியில் பெடியள் குதித்துக் குளித்தார்கள். வயலில் மருந்தடித்துவிட்டு வந்த ஒருத்தர் தட்டத்தைப் பார்த்து, "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார். "மாவுக்கு" என்றார் முத்துலிங்கம். அந்த மனுசன் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

வீரகத்தியரின் தகப்பன் தென்மராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்தவர். அந்த நாளில் கொடுத்த வயல் இன்னும் கையில் இருக்கிறது. வீட்டை மட்டும் சண்டைக்கால இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்து புதிதாகக் கட்டினார்கள். வீரகத்தியர் முற்றத்தில் வாட்டர் பம்பைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு சாரத்தோடு குந்தியிருந்தார். மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு நிமிர்ந்தவர் தட்டத்தைக் கண்டார். கையிலிருந்த திருகுசாவியைக் கீழே வைத்தார்.

"வாங்கோ" என்றார்.

விறாந்தையில் கதிரை போட்டார். உள்ளேயிருந்து தங்கம்மா வந்தாள். மெலிந்திருந்தாள். வீரம்மா எழும்பி நின்று, தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அண்ணை, அக்கா, வாற வெள்ளிக்கிழமை காலமை பத்து மணிக்கு விஜியின்ர கடையில எங்கட மாவின்ர பேரை இன்ரநெற்றில பதியிறம். நீங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் வரவேணும்."

வீரகத்தியர் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தார். மரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை. வைத்துவிட்டுத்தான் கதைத்தார்.

"கலியாணத்துக்குச் சொல்லாத ஆக்கள் கொம்பியூட்டருக்குச் சொல்ல வந்திருக்கினம்."

"பிழைதான், அண்ணை" என்றார் முத்துலிங்கம்.

"அந்தப் பெடியனை நான் தோளில தூக்கினனான், முத்து. முள்ளு ஏறின காலோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினனான். அவன் எனக்குப் போனில ஒரு படம் அனுப்பிறான். நான் என்ன, சீட்டுக் குலுக்கிற கொம்பனியே, போனில அறிவிக்கிறதுக்கு? இப்பவும் ஒண்டு அனுப்பியிருக்கிறான். கையெழுத்து வச்சு அனுப்பட்டாம்."

"அவன்ர பிழை இல்லை அண்ணை" என்றாள் வீரம்மா.

"பேந்து ஆற்ற பிழை?"

அவள் சொல்ல வாயெடுக்கும்போது தங்கம்மா குசினிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கப்பில் தேத்தண்ணியோடு வந்தாள். பால் விட்ட தேத்தண்ணி, இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள், மணத்திலேயே தெரிந்தது. முத்துலிங்கம் அவசரமாக எடுத்து ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். வீரம்மா கையை நீட்டவில்லை.

"இப்பதான் குடிச்சிட்டு வந்தனான், அக்கா."

தங்கம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. தான் எத்தனையோ தரம் சொன்ன சொல்லை அவள் மறந்திருக்கமாட்டாள். தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஒரு வாய் குடி, வீரம்மா, என்ன இப்ப?" என்றார் வீரகத்தியர், ஒன்றும் விளங்காமல்.

தங்கம்மா கப்பைக் கதிரைக் கையில் வைத்தாள். "உள்ள வா, வீரம்மா. குசினிக்குள்ள இருந்து கதைப்பம்."

அந்த வீட்டுக் குசினிக்குள் வீரம்மா ஒருநாளும் கால் வைத்ததில்லை. விறாந்தை வரைக்கும்தான். போகலாமோ என்று ஒரு கணம் மனம் இழுத்தது. பிறகு, பொம்பிளைகள் குசினிக்குள் கதைத்துத் தீர்த்தது விறாந்தைக்கு எப்போது வந்தது என்று நினைத்தாள்.

"இஞ்சயே கதைப்பம் அக்கா. அவையும் கேக்கட்டும்."

"சரி. கேள்."

"ஒருநாளும் என்ர வீட்டில நீங்கள் ஒரு வாய் தண்ணி குடிக்கேல்ல. ஏன்?"

வீரகத்தியர் பம்பைப் பார்த்தார். "உது இப்ப என்னத்துக்கு..." என்று தொடங்கினார்.

"நீங்கள் பேசாம இருங்கோ" என்று தங்கம்மா அவரை மறித்துவிட்டு, வீரம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். "உனக்குப் பொய் சொல்லேலாது. முதல் அப்பிடித்தான். தோட்டத்து ஆக்கள் எண்டு அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த வளர்ப்பு. இடம்பெயர்ந்து திரியேக்க ஆற்ற கையிலயெல்லாமோ வாங்கித் திண்டம். முகாமில ஒரே பவுசர் தண்ணி, ஒரே வாளி. அப்ப ஒண்டும் பாக்கேல்ல. திரும்பி வந்து இந்த வீட்டைக் கட்டினம், அந்தப் பழக்கமும் திரும்பி வந்திட்டுது. ஏனெண்டு எனக்கே தெரியேல்ல."

அவள் குரலில் அழுகை இல்லை. அரிசியில் கல் பொறுக்குகிறவள்போல ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்.

"பேந்து கொஞ்சக் காலத்தில எனக்கே வெக்கமாப் போச்சு. ஆனா இவ்வளவு நாளும் குடிக்காமல் ஒருநாள் திடீரெண்டு வாங்கிக் குடிச்சா, முதல் ஏன் குடிக்கேல்ல எண்டு நீ கேப்பாயெண்டு பயம். அந்தப் பயத்திலயே குடிக்காம விட்டன்."

"கேட்டிருப்பன்" என்றாள் வீரம்மா.

"தெரியும்."

"கேட்டிருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும்."

"ஓம். முடிஞ்சிருக்கும்."

காற்று மாமரத்தைப் போட்டு உலுப்பியது. தங்கம்மா சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ கலியாணத்துக்கு ஏன் சொல்ல வரேல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "இவர்தான் போன், போன் எண்டு ரெண்டு வருசமா அந்தப் பெடியனை ஏசிக்கொண்டு திரிஞ்சார். நான் வாயைத் திறக்கேல்ல."

வீரகத்தியர் மனுசியையும் வீரம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப நான் ரெண்டு வருசமா ஆரோட கோவிச்சுக்கொண்டிருந்தனான்?"

"நானும் வீட்டில அவனைத்தான் ஏசினனான்" என்றார் முத்துலிங்கம்.

இரண்டு ஆம்பிளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வீரகத்தியர் மெல்ல எழும்பிப் போய்ப் பம்புக்குப் பக்கத்தில் குந்தினார். "முத்து, இந்த வால்வைப் பிடி. எண்ணெய் ஒழுகுது, எங்கையெண்டு பிடிபடேல்ல" என்றார். முத்துலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அங்கே வால்வைப் பற்றிப் பெரிய கதை நடந்தது.

தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. தங்கம்மா அதைப் பார்த்தாள், வேறு போட்டுத் தரட்டோ என்று கேட்கவில்லை. வீரம்மாவும் குடிக்கவில்லை. மனப்பாரம் குறைந்தது உண்மை. ஆனால் இத்தனை வருசக் காரியம் ஒரு கப் தேத்தண்ணியில் கரைந்துவிட்டதாகக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை வாங்கோ அக்கா" என்று சொல்லி எழும்பினாள்.

"அவர் வருவார்."

"அவரை மட்டும் இல்லை. உங்களுக்கும்தான் சொன்னனான்."

*

வெள்ளிக்கிழமை வீரகத்தியர் இஸ்திரி போட்டு மினுக்கின சேட்டும் வேட்டியுமாக வந்தார். தங்கம்மா கோயிலுக்குப் போகிற மாதிரித் தலையில் பூ வைத்திருந்தாள். ஏ9 றோட்டால் நெல்லு லொறிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்வந்தபடியால் விஜிதரன் கடைக் கண்ணாடியைச் சாத்திவிட்டுக் காற்றாடியைப் போட்டான். நாலு கதிரை இழுத்துப் போட்டான். வீரகத்தியர் இருக்குமுன் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதுதான் அவருடைய மன்னிப்பு. பெடியன் அதை வாங்கிக்கொண்டு கொம்பியூட்டரைத் திறந்தான்.

"முதல்ல குறியின்ர இலக்கம்... அது இருக்கு. பேர் பாவனையில இருக்கு எண்டதுக்கு ஒரு சாட்சி. பக்கெற்றின்ர படம் காணும். எப்ப இருந்து பாவிக்கிறியள் எண்டு கேக்குது."

"முதல் பக்கெற் கட்டினது தைப்பொங்கலுக்கு முதல் நாள்" என்றார் முத்துலிங்கம்.

"கட்டினது அண்டைக்கு. சந்தையில வித்தது பொங்கல் கழிஞ்சு" என்றார் வீரகத்தியர். "பொங்கலுக்கு ஆர் புட்டுமா வாங்குவான்?"

"அண்ணை, நீங்கள்தானே சைக்கிளில கொண்டுபோனனீங்கள்?"

"கொண்டுபோனனான். ஒருத்தரும் வாங்கேல்ல. வழியில கோயிலில குடுத்திட்டு வந்தன். உனக்கு வித்தது எண்டு பொய் சொன்னனான்."

"இவ்வளவு நாளும் சொல்லேல்ல."

"நீ சந்தோசமா இருந்தாய், பேந்து ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

விஜிதரன் சிரித்துக்கொண்டே தை மாசத்தைப் போட்டான். பக்கெற்றின் படத்தை ஏற்றினான். பிறகு திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இனி ஒண்டு இருக்கு. முகவரி ஒராளின்ர பேரிலதான் இருக்கவேணும். அந்த ஆள்தான் சொந்தக்காரர் மாதிரி. ஆராவது தட்டிக் கேட்டாலும், வருசம் வருசம் புதுப்பிக்கிறதெண்டாலும் அவருக்குத்தான் வரும். ஆற்ற பேரைப் போடுறது?"

"அண்ணையின்ர பேரைப் போடு" என்றார் முத்துலிங்கம்.

"மில் அவன்ர. அவன்ர பேரைப் போடு" என்றார் வீரகத்தியர்.

"நெல்லு உங்கட."

"நெல்லு ஆரிட்டயும் வாங்கலாம், முத்து. உன்ர பேரைப் போடு."

"மூத்த ஆள் நீங்கள்."

இரண்டு வருசம் கதையாத கதையெல்லாம் இப்போது மரியாதையாக வெளியே வந்தது. நீ, நீங்கள் என்று இருவரும் ஆளையாள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வீரம்மா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கனடாப் பொம்பிளையின் குரல் அவள் காதுக்குள் வந்தது. வறுக்கிற ஆளை மாத்திப்போட்டியளோ? பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்ர பேரைப் போடு" என்றாள்.

முத்துலிங்கம் பகிடியாக்கும் என்று திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் பகிடி இல்லை.

"அம்மா, குறியில உங்கட பேர் இல்லை" என்றான் விஜிதரன் மெதுவாக.

"ஏன் இல்லை? குறி பதியக் கொழும்புக்குப் போனது அப்பாவும் மாமாவும். ரெண்டு பேரும் றெயிலேறிப் போனவை. நான் அண்டைக்கு மா வறுத்துக்கொண்டிருந்தனான். அடுப்பை விட்டிட்டு நானும் வந்திருந்தா என்ர பேரும் இருந்திருக்கும். முந்தியே உரிமை இருக்கிற ஆக்கள் முன்னுக்குக் கேக்கலாம் எண்டுதானே நீ சொன்னனி? எனக்கும் இருக்கு. நான் கேக்கிறன்."

"அதுக்கு வழி இல்லையோ தம்பி?" என்று கேட்டது தங்கம்மா.

விஜிதரன் மவுசை உருட்டி வாசித்தான். "இருக்கு. குறிக்காரர் ரெண்டு பேரும், இந்தப் பேரைப் பாவிக்க இவாவுக்குச் சம்மதம் எண்டு எழுதிக் குடுத்தா இவாவின்ர பேரில எடுக்கலாம்."

"அப்ப எழுதிக் குடுங்கோ ரெண்டு பேரும்" என்றாள் தங்கம்மா. "அந்த மாவை எங்கட வீட்டில அரிச்சுக்கூடப் பாக்கிறேல்ல. நேராக் குழைச்சுப் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்குள்ள போடுறன். அது ஆற்ற கை எண்டு எனக்குத் தெரியும்."

விஜிதரன் நாலு வரியில் கடிதத்தை அடித்து எடுத்தான். வீரகத்தியர் கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தார். வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்து, பேனையை முத்துலிங்கத்திடம் நீட்டினார்.

முத்துலிங்கம் பேனையை வாங்கினார். கையெழுத்து வைக்கவில்லை. கடிதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆரோடும் முரண்படாத மனுசன் இதற்கு மட்டும் தயங்கினார்.

"ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்றார் கடைசியில்.

"மா நல்லது எண்டு கதைப்பினம்" என்றாள் வீரம்மா.

வீரகத்தியர் சிரித்தார். முத்துலிங்கம் சிரிக்கவில்லை. மனுசியின் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்பு, சிலது பழையது, சிலது இந்தக் கிழமையது. அதை அவர் தினமும் கண்டிருக்கிறார்தான். பேனை மூடியைத் திறந்து, குனிந்து, தன் பெயரை எழுதினார்.

"மெதுவா வச்சாலும் வடிவா வச்சிருக்கிறான்" என்றார் வீரகத்தியர்.

கடிதத்தையும் படம் பிடித்து ஏற்றினான் விஜிதரன். விரலை எழுத்துகளில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தான்.

"பேர் எப்பிடிப் போட? அடையாள அட்டையில இருக்கிற மாதிரி முத்துலிங்கம் வீரம்மா எண்டே போடட்டோ?"

"பேர் எண்ட இடத்தில என்ன கேக்குது?"

"முழுப்பேர் எண்டு ஒரு பெட்டி. காட்டுற பேர் எண்டு இன்னொரு பெட்டி. முகவரியை ஆரும் தேடிப் பாத்தா காட்டுற பேர்தான் தெரியும்."

"முழுப்பேரில அட்டையில இருக்கிற மாதிரிப் போடு." அவள் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து இருந்தாள். "மற்றதில வீரம்மா எண்டு மட்டும் போடு."

அவன் அடித்தான். வீரம்மா எழுந்து வந்து, திரைக்குக் கிட்டக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துப் பார்த்தாள். இன்னொரு தரமும் வாசித்தாள். பிறகு நிமிர்ந்து, "சரி, அனுப்பு" என்றாள்.